களப்பு நிறையும் வரை



வாழைச்சேனையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் கடற்கரைப் பாதையில், பனிச்சங்கேணிப் பாலத்தையும் வாகரையையும் தாண்டிச் சென்றால், வெருகலுக்கு முன்னே கதிரவெளி என்னும் ஊர் வரும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள ஊர் அது. கிழக்கே கடல், மேற்கே களப்பும் காடும் வயலும். நம் வாசகர்களிற் பலர் அந்த ஊரைப் பஸ் யன்னல் வழியாகத்தான் கண்டிருப்பீர்கள். இன்னும் சிலர் 2004ஆம், 2006ஆம் ஆண்டுச் செய்திகளில் அதன் பெயரைக் கேட்டு, பிறகு மறந்திருப்பீர்கள். ஆண்டவருடைய விண்ணேற்றத்துக்கும் தூய ஆவியின் வருகைக்கும் இடைப்பட்ட இந்த நாட்களில், அந்த ஊரை மனதில் வைத்துக்கொண்டு உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

களப்புக் கரையில் வாழும் எவரும் அறிந்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குவோம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து, களப்பின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி பிறந்து ஆறுகள் பெருகும்போது களப்பு நிறையும். நீர் வயல்களுக்குள் ஏறும். அப்போது அந்த மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். முகத்துவாரம் வெட்டுதல் என்று இதைச் சொல்வோம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியிலும் இதுவே வழக்கம்.

எப்போது வெட்டுவது? அங்கேதான் வாக்குவாதம். வயலில் பயிர் மூழ்கிக்கொண்டிருப்பவர், "இன்றைக்கே வெட்டுங்கள்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் களப்பின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே போதியளவு உயருமுன் வெட்டினால் நீர் பாயாது, மந்தமாய் ஒழுகும். அடுத்த அலைகளே மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். உழைத்த உழைப்பு வீண். நீர் நிறைந்து, அதன் கனம் முழுவதும் மணலிலே சாய்ந்து நிற்கும் வேளையில் வெட்டினாலோ, மனிதர் செய்யவேண்டியது மிகச் சொற்பம். சிறு வாய்க்கால் ஒன்று போதும். அந்த வாய்க்காலைப் பெருவாயாக்குவதை நீரே பார்த்துக்கொள்ளும். வெட்டியவர்கள் கரைக்கு ஓடிவந்து நின்று பார்க்கவேண்டியதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எருசலேமிலுள்ள மேல்வீட்டு அறைக்கு வாருங்கள்.

விண்ணேற்றமாகுமுன் ஆண்டவர் தம் சீடர்களுக்குக் கடைசியாக என்ன கட்டளை கொடுத்தார் என்று கேட்டால், உலகெங்கும் போய்ப் போதியுங்கள் என்றார் என நாம் உடனே பதில் சொல்வோம். சரிதான். ஆனால் அந்தக் கட்டளையோடு இன்னொன்றும் உண்டு. இப்போதே புறப்பட வேண்டாம், வாக்களிக்கப்பட்ட வல்லமை மேலிருந்து வரும்வரை நகரத்திலேயே காத்திருங்கள் என்றும் அவர் சொல்லிவிட்டுப் போனார். லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் கடைசி அதிகாரத்திலும், அப்போஸ்தலர் பணியின் முதல் அதிகாரத்திலும் இதைக் காணலாம். எத்தகைய வேளையில் இப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். உயிர்த்த ஆண்டவரைக் கண்ணால் கண்டவர்கள் இவர்கள். நெஞ்சு நிறையச் செய்தி இருக்கிறது. உலகமோ காத்துக்கிடக்கிறது. நம்மைக் கேட்டால், ஒரு நாளையும் வீணாக்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்போம். ஆண்டவரோ அவர்களை அறைக்குள் அனுப்பினார்.

அங்கே அவர்கள் என்ன செய்தார்கள்? யேசுவின் தாய் மரியன்னையோடும் மற்றப் பெண்களோடும் ஒருமனப்பட்டுச் செபித்தார்கள் என்று ஒரே வசனத்தில் லூக்காஸ் சொல்லி முடிக்கிறார். யூதாசின் இடத்துக்கு மத்தியாசைத் தெரிந்தெடுத்தார்கள். அவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கிறது. நம்முடைய நவநாள் பக்திக்கெல்லாம் தாய்வேர் அந்த ஒன்பது நாட்கள்தான். ஆனால் நம் நவநாட்களுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! நாம் ஒன்பது நாளும் கேட்கவேண்டியவற்றைக் கேட்டுவிட்டு எழும்பி வருகிறோம். அவர்கள், தங்களிடம் என்ன கேட்கப்படப்போகிறது என்று அறியாமல் அங்கே இருந்தார்கள்.

அந்த அறையில் இருந்தவர்களில் இராயப்பரைப் பாருங்கள். வீரத்துக்குக் குறைவில்லாத மனிதர். சிறைக்கும் சாவுக்கும் உம்மோடு வரத் தயார் என்று இராப்போசனத்தின்போது சொன்னவர் அவர். அது பொய் அல்ல. அந்த நேரத்தில் அவர் மனதார நம்பியதைத்தான் சொன்னார். ஒலிவத் தோப்பில் வாளை உருவி ஒருவனுடைய காதை வெட்டவும் செய்தார். பிறகு, குளிர்காயும் நெருப்பருகே ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு நடுங்கிப்போய், அவரை அறியேன் என்றார்.

இராயப்பர் அந்த நெருப்பருகேதான் வீழ்ந்தார் என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். சற்றுப் பின்னே போய்ப் பார்த்தால் காரியம் வேறு. அதற்குச் சில மணி நேரத்துக்கு முன், ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக்கூடாதா என்று ஆண்டவர் கேட்டபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். செபித்துக் காத்திருக்கச் சொன்ன வேளையில் தூங்கினார். தூங்கி எழும்பியவுடன் வாளைத் தூக்கினார். வாள் உதவாது என்று கண்டதும் ஓடினார். தூக்கம், அவசரம், ஓட்டம் என்று மூன்றும் ஒரே இரவில் நடந்தன. வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னே கிடைக்காத தைரியம், தோப்பில் இழந்துபோன அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்திருக்க வேண்டியது.

மேல்வீட்டு அறை அந்த ஒரு மணி நேரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது என்று நான் எண்ணுகிறேன். இம்முறை அவர் தூங்கவில்லை. தன்னைப்பற்றி அவருக்கு இருந்த பெருமையெல்லாம் உடைந்துபோன பிறகு, மறுதலித்தவன் என்று எல்லாரும் அறிந்த ஒரு கூட்டத்தின் நடுவே, வாய்பேசாமல் இருக்கவேண்டியிருந்தது. அது எளிதல்ல. தன் தவறை அறிந்தவர்களோடு ஒரே அறையில் ஒன்பது நாள் இருந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

இனி என்னைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொல்ல விருப்பமில்லை, ஆனாலும் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிவந்து நம் கரையை அழித்ததை எவரும் மறக்கவில்லை. வாகரை, கதிரவெளிப் பக்கமும் தப்பவில்லை. சில நாட்களின் பின் நிவாரணப் பொருட்கள் ஏற்றிய லொறியோடு நானும் அந்தப் பாதையிலே போனேன். கையிலே பட்டியல்; அரிசி, பருப்பு, தறப்பாள், பாய். பட்டியலில் பெயர் வாசிப்பதும், பொருள் கொடுப்பதும், அடையாளமிடுவதுமாக விறுவிறுவென்று வேலை நடந்தது. அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு இடங்களுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு வயதான அம்மா தம் பங்கை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். எங்கள் மறையைச் சேர்ந்தவர் அல்லர்; நெற்றியிலே திருநீறு. "பாதர், கொஞ்சம் இரிங்களன்" என்றார். அவர் காட்டிய இடத்தில் கவிழ்த்து வைத்த ஒரு வாளி இருந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன். "திரும்பி வரக்குள்ள கதைப்பம் அம்மா" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன்.

அடுத்த கிழமை போனபோது அவர் அங்கே இல்லை. உறவினர் யாரோ வந்து கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். மகனையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் கடல் கொண்டுபோனதாம். அதைத்தான் சொல்ல இருந்திருப்பார். அன்று நான் எத்தனை மூடை அரிசி கொடுத்தேன் என்பது மறந்துவிட்டது. அந்த வாளி மறக்கவில்லை.

அன்று எனக்குக் குறைந்தது நேரம் அல்ல என்பது பின்னர்தான் விளங்கிற்று. ஐந்து நிமிடத்தில் எதுவும் கெட்டுப்போயிராது. உள்ளம் நிறையாமல் புறப்பட்டுப் போயிருந்தேன். அந்த நாட்களில் காலைச் செபத்தையும் தியானத்தையும், வேலை மிகுதி என்று சொல்லி விட்டுவிட்டேன். மக்கள் சாகும்போது முழந்தாளில் இருக்க எப்படி முடியும் என்று என்னையே நியாயப்படுத்தினேன். செபத்தில் ஆண்டவருக்கு முன் சும்மா இருக்கத் தெரியாதவனுக்கு, துயரப்படும் ஒரு கிழவிக்கு முன் சும்மா இருக்க எங்கிருந்து தெரியும்? களப்பு நிறையுமுன் வெட்டினேன், மணல் மூடிவிட்டது.

அந்த ஆண்டிலே வந்தவர்கள் எல்லாரும் இப்படி அவசரத்தில்தான் வந்தோம். பல நாடுகளிலிருந்து நல்ல மனதோடு வந்தார்கள். அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேசுவது பாவம். ஆனால் கடலுக்கு உதவாத படகுகளும் அவசரத்தில் செய்யப்பட்டு வந்து கரையிலே கிடந்ததை மீனவர்கள் அறிவார்கள். படகு வேண்டுமா, எப்படிப்பட்ட படகு வேண்டும் என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்குள் அதே ஊருக்கு இன்னொரு சோதனை வந்தது. 2006இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து போரினால் இடம்பெயர்ந்த மக்கள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். நவம்பர் 8ஆம் நாள் இராணுவத்தின் எறிகணைகள் அங்கே வீழ்ந்தன. பிள்ளைகளும் பெண்களுமாக 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காயப்பட்டோர் மிகப் பலர். சில கிழமைகளில் அந்தப் பகுதி முழுவதுமே காலியாகிற்று. மக்கள் கால்நடையாக வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். இந்த முறை படம் பிடிக்க வந்தவர்கள் குறைவு. பாதைகள் அடைபட்டிருந்தன. வரத் துணிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர், கடல் பொங்கிய நாட்களில் மிகவும் ஓடித்திரிந்தவர்களா என்று நான் எண்ணிப்பார்த்தேன். பெரும்பாலும் இல்லை. முன்னும் பின்னும் சத்தமின்றி அந்த மக்களோடு பழகி இருந்தவர்களே அன்றும் வந்தார்கள்.

நம் மண்ணில் விசுவாசத்தை மீண்டும் ஏற்றிவைத்த புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். 1651இல் கோவாவில் பிறந்தவர்; 1676இல் குருப்பட்டம் பெற்றவர். ஒல்லாந்தர் இலங்கையின் கரைகளைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்திவிட்டார்கள், அங்கே மந்தை மேய்ப்பரின்றி வாடுகிறது என்று கேள்விப்பட்டு அவர் நெஞ்சம் துடித்தது. ஆனால் மேலதிகாரிகள் அவரை முதலில் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். போனார். திரும்பிவந்து கோவாவில் குருக்களோடு கூட்டாகச் செபவாழ்வு நடத்தினார். 1687இல்தான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றுப் பதினொரு ஆண்டுகள்! வந்ததும் என்ன? கூலிக்காரன் வேடம், கடும் வயிற்றுளைச்சல், கேட்பாரற்ற நிலை. எழும்பி நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பதற்காக. ஒளித்து வாழ்ந்த கத்தோலிக்கர்களை அவர் கண்டுபிடித்த வழி இதுதான். அடைத்த கதவுக்கு முன் நின்று, ஒரு முகம் மாறும்வரை காத்திருக்கும் தாழ்மை எவ்வளவு பெரியது என்று சிந்தியுங்கள்.

1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறைவைத்தார்கள். அதுவும் அவருக்கு மேல்வீட்டு அறையாயிற்று. செபித்தார், சிங்களம் படித்தார். எவரும் கேட்டறியாத அந்தக் காலத்தில் என்ன நிறைந்தது என்பது 1697இல் வெளிப்பட்டது. கண்டியிலே பெரியம்மை பரவி, பெற்றவரும் உற்றவருமே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அடிகளாரும் அவருடைய மருமகனாகிய யோசேப் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் மனையாக்கி, புண்களைக் கழுவி, ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். மதம் பார்க்கவில்லை. மணல்திட்டை வெட்டிய கை சிறிது. பாய்ந்த வெள்ளமோ முந்நூறு ஆண்டு கடந்தும் ஓய்ந்தபாடில்லை. 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் புனிதராகவும் திருச்சபை அவரை உயர்த்திற்று. அது நமக்குப் பெருமை. எனினும் நாம் அவரிடமிருந்து படிக்கவேண்டியதைக் காலிமுகத்திடலில் தேடுவதைவிடக் கண்டிச் சிறையில் தேடுவது நல்லது.

புனிதர்கள் பழங்காலத்தவர், நமக்கு எட்டாதவர் என்று சிலர் சொல்வீர்கள். அப்படியானால் நம் மட்டுநகரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இங்கே வந்தவர் யேசு சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார். அவர் செய்த வேலை என்ன? பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். புனித மிக்கேல் கல்லூரியிலும், திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் கூடைப்பந்தாட்டம் பழக்கினார். பின்னர் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நிறுவனத்தை நடத்தினார். இவற்றில் ஒன்றும் ஞானவாசகப் புத்தகத்தில் ஏறும் வீரச்செயல் அல்ல. வெயிலிலே ஒரு மைதானத்தில் நின்று, பந்தை இப்படிப் பிடி, அப்படி எறி என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுப்பது! நாற்பத்திரண்டு வருடங்கள் இவ்வாறு போயின.

1988 ஜூன் 6ஆம் நாள் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டுநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்களுக்காகப் பேசுபவர்களுக்கு என்ன நேரும் என்பது அதன் பிறகு இங்கே எவருக்கும் தெரியாததல்ல. 1990 ஆகஸ்டில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் இரத்தத்தை ஒருவர் சிந்திய கொடிய நாட்கள் வந்தன. பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் பாதைகளிலும் மனிதர் வெட்டுண்டு கிடந்தார்கள். அந்த நேரத்தில் வன்செயலுக்குள் அகப்பட்டவர்களுக்கு உதவச் சென்றார் ஹேபர்ட் அடிகளார். ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று வாழைச்சேனையிலிருந்து மட்டுநகருக்குத் திரும்பும் வழியில், ஏறாவூர்ப் பக்கம், உடன்போன தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் இன்றுவரை திரும்பவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அப்போது அடிகளாருக்கு வயது 66.

அந்தக் காலையில் போவதா விடுவதா என்று அவர் நெடுநேரம் யோசித்திருக்க முடியாது. அப்படிப்பட்ட காலைகளில் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. அதற்கு முன்பே நிறைந்திருந்தது எதுவோ அதுவே அன்று பாய்ந்தது. நாற்பத்திரண்டு வருடக் காலைச் செபமும், மைதானத்து வெயிலும், பெயரில்லாத வேலையும் சேர்ந்து நிறைத்த நெஞ்சு அது. அவரோடு அதே 1948இல் வந்த ஹரி மில்லர் அடிகளாரும் அந்த ஆண்டுகளில் மட்டுநகரிலேயே இருந்து, பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாரின் சொல்லைக் கேட்டு, காணாமற்போனோரின் விபரங்களை எழுதிவைத்தார். இருந்து கேட்பது, கேட்டு எழுதுவது என்று அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

தாய்மாரைக் குறிப்பிட்டபடியால் ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கிலே 1990இலிருந்து மகனை எதிர்பார்த்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் உண்டு. அவர்களிடம் போய், காத்திருப்பது புண்ணியம் என்று பிரசங்கிக்கும் உரிமை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அவர்கள் கேட்பது நீதி. அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் வாயிலிருந்து வரும் "பொறுமை" என்ற சொல் தேவதூஷணத்துக்கு நிகர். அதுபோலவே, வழியோரத்தில் இரத்தம் சிந்திக் கிடப்பவனைக் கண்டும், முதலில் நவநாள் செய்து நெஞ்சை ஆயத்தப்படுத்திவிட்டு வருகிறேன் என்று போகிறவன் நல்ல சமாரியனின் உவமையில் யார் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்லும் காத்திருத்தல் கடமைக்கு முன் போடும் தடையல்ல. வழியிலே கிடப்பவனைக் காணும் அந்த நாள் வருமுன், காண்பதற்கான கண்ணையும் நிற்பதற்கான காலையும் ஆண்டவரிடம் வாங்கிவைப்பதைத்தான் சொல்கிறேன்.

தூய ஆவி இறங்கிய பின் நடந்ததை வாசித்தால் இன்னுமொரு வியப்பு. இராயப்பர் ஆயிரக்கணக்கானோர் முன் எழும்பி நின்றார், ஆலோசனைச் சங்கத்தின் முன் அஞ்சாமற் பேசினார். அது நாம் எதிர்பார்த்ததே. ஆனால் ஆவியால் நிறைந்த மனிதர்கள் வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் ஏழு பேரைத் தேடியது எதற்காக? பந்தியிலே சோறு பரிமாறுவதற்காக! கைம்பெண்களில் சிலருக்கு அன்றாட உணவு ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு வந்தது, அதைத் தீர்க்க. ஒரு கோப்பைச் சோற்றைப் பாரபட்சமின்றிப் பகிர்ந்துகொடுக்க ஆவியின் வல்லமை வேண்டும் என்று ஆதித் திருச்சபை நம்பியது. நிவாரணப் பட்டியலில் யார் பெயர் முதலில் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்று கண்டவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது. அந்த ஏழு பேரில் ஒருவர் முடியப்பர். சோறு பரிமாறிய அந்த மனிதரே திருச்சபையின் முதல் வேதசாட்சி.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் வீட்டுக்குள் இப்போது வருகிறேன். மாலையில் செபமாலை சொல்கிறீர்கள், நல்லது. கடைசி "ஆமென்" சொல்லி முடியுமுன்னே கை தொலைபேசியைத் தேடுகிறதா இல்லையா? பிள்ளைகளைக் குறை சொல்லவேண்டாம். நம் கையும் தேடுகிறது. இந்த ஒன்பது நாளும் செபமாலை முடிந்தபின் ஐந்து நிமிடம் எழும்பாமல் இருங்கள். விளக்கு எரியட்டும். ஒன்றும் கேட்கவேண்டாம். முதல் நாள் மிகவும் நீளமாக இருக்கும். சின்னவன் சிரிப்பான், சிரிக்கட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில், நாம் எவ்வளவு பயந்தவர்கள் என்பது மேலே மிதந்து வரும். நோய்க்குப் பயம், ஊர்ப்பேச்சுக்குப் பயம், உதவப்போய் வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அதை அடக்கவேண்டாம். ஆண்டவருக்கு முன் வைத்துவிட்டு அப்படியே இருங்கள். இன்னும் சில நாள் போனால், செய்த நன்மைகளுக்குள் எத்தனை, பிறர் காணவேண்டும் என்று செய்தவை என்பதும் தெரியவரும். அது பயத்தைவிடக் கசப்பானது. கோவிலில் நாம் கொடுத்த விளக்கில் நம் பெயர் எவ்வளவு பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்கே நினைவு வந்தது.

அந்த ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவருடைய முகம் நினைவுக்கு வரும். நீங்களாகத் தேடவேண்டாம். உங்கள் ஒழுங்கையின் முடிவில் தனியே இருக்கும் கிழவராக இருக்கலாம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். மூன்று வருடமாக நீங்கள் பேசாதிருக்கும் உடன்பிறப்பாகவும் இருக்கலாம். வந்த முகம் மறுநாளும் வந்தால், அதைத் தட்டிவிடாதீர்கள்.

தூய ஆவி திருநாளன்று திருப்பலி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்த வாசலுக்குப் போங்கள். பை நிறையப் பொருட்கள் வேண்டாம். போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று மனம் கேளாவிட்டால் இரண்டு வாழைப்பழம் போதும். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அவர்கள் கதிரை கொடுத்தால் கதிரையில் இருங்கள். கதிரை இல்லாத வீடென்றால், கவிழ்த்து வைத்த வாளி ஒன்று கட்டாயம் இருக்கும்.